மூச்சுக்குச் சோடா

தி. நகரில் ஜவுளிக்கடை நடத்தும் எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் தினமும் காலையில் பேட்மின்டன் ஆடுவோம். ஆடும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. முடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷம் நெஞ்சு இறுகும், இருமல் பிய்த்துக்கொண்டு வரும், மூச்சு விசிலடிக்கும்.

"வாயுதான் அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். எங்கள் ஆட்களுக்குத் தலைவலியும் வாயு, மாரடைப்பும் வாயு. உடனே சோடா வரும். குடித்து ஏப்பம் விட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். இப்படியே இரண்டு வருஷம் குடித்தேன்.

கடைசியில் அடையாறில் ஒரு டாக்டர் என்னை ஓடவிட்டு, குழாயில் ஊதவைத்து, என் சோடாக் கதையையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். "வேகமா ஆடறப்ப வாயால காத்தை இழுக்கறீங்க. ஏசி ஹால் காத்து காய்ஞ்ச காத்து. மூச்சுக்குழாய்க்குள்ள ஈரம் வத்திப்போய், சுத்தியிருக்கற தசை இறுக்கிடுது. பெரும்பாலும் அதுவா விட்டுடும். பேரு வாங்கினது சோடா! இது ஆஸ்துமா சார்." ஆடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இழுக்க இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

அந்த வார்த்தையை வெளியில் சொல்வேனா? வீட்டில் கல்யாண வயதில் மகள். எங்கள் பத்துப் பேரில் பாதிப் பேர் சம்பந்தம் பேச வரக்கூடியவர்கள். "அந்த வீட்டுல இழுப்பு இருக்காம்" என்று ஒருத்தர் வாய் திறந்தால் போதும், முடிந்தது கதை. தினமும் கழிவறைக்குள் போய்த் திருட்டுத்தனமாக இழுத்தேன்.

கடைக்காரர்கள் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று, மகளும் பார்க்க வந்திருந்தாள். கழிவறை வாசலில் ஒரே கூட்டம். இழுக்காமலே ஆடி, ஜெயித்தும் தொலைத்தேன். பெஞ்சில் சரிந்ததும் ஆளுக்கொரு சோடாவோடு பாய்ந்தார்கள். இந்த முறை பிடி விடவே இல்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன். அப்போதும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மகள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். தன் கைப்பையிலிருந்து ஓர் இன்ஹேலரை எடுத்து என் வாயில் வைத்தாள். "தள்ளி நில்லுங்க. அப்பாவுக்கு ஆஸ்துமா" என்று ஹாலுக்கே கேட்கும்படி சொன்னாள்.

மூச்சு வந்ததும், "உன் பையில இது எப்படி?" என்றேன்.

"எனக்கும் காலேஜ் சேர்ந்ததுலேர்ந்து இருக்குப்பா. அதான் உங்க மூச்சுச் சத்தம் கேட்டதுமே புரிஞ்சுது. உங்ககிட்ட சொன்னா, கல்யாணம் நடக்காதுன்னு அழுவீங்க."

என் பிள்ளை எனக்குப் பயந்து மூச்சுத்திணறலை மறைத்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்தான். கல்யாணத்தை நினைத்து அல்ல.