பறுவதம் அக்காவின் மருந்துப் போத்தில்கள்

செய்தி சைக்கிளில் வந்தது. குருநகரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாழைப்பூ கீறக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சிவபாதம் நின்றான். பறுவதம் அக்காவின் இளைய மகன். தபாற் கந்தோரில் வேலை. பண்டத்தரிப்பிலிருந்து ஒரே மூச்சில் மிதித்து வந்திருக்கிறான். சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா, ரீச்சர். நேத்துப் பின்னேரம். சாப்பிட்டிட்டுப் பாக்குச் சீவிக்கொண்டு இருந்தவ, அப்பிடியே சாஞ்சிட்டா. வருத்தம் துன்பம் ஒண்டும் இல்லை."

கையில் இருந்த வெண்கட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த பஸ்ஸில் போனேன். செத்த வீட்டில் எத்தனையோ பள்ளிக்கூடங்களின் ஆசிரியைமார் இருந்தார்கள். பலருக்கு அவர் கையெழுத்தில் கண்டிப்பான ரீச்சர். 'ழ'வின் கால் வளையாவிட்டால் கொப்பியைத் திருப்பித் தருகிறவர். அந்த ரீச்சரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் ரீச்சராவதற்கு முன், நாங்கள் ஒன்றாகப் படித்த அந்தக் கடைசித் தவணையில் நடந்ததை அறிந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை.

சித்திர ஆசிரியைமாருக்கான பயிற்சி வகுப்பு ஒன்று அந்நாளில் உடுவில் பக்கம் நடந்தது. இரண்டு வருடம். நாங்கள் ஏழு பேர். ஆறு பேரும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த குமர்ப்பிள்ளைகள். ஏழாவது ஆள் பறுவதம் அக்கா. முப்பத்தைந்து வயது, இரண்டு ஆண் பிள்ளைகளின் தாய். கணவர் கந்தையா அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, வெள்ளிக்கிழமை ஏற்றிக்கொண்டு போவார். முதல் நாள் நாங்கள் அவரைப் புதிய ஆசிரியை என்று நினைத்து எழும்பி நின்றோம்.

"இருங்கோ பிள்ளையள், நானும் உங்களோடை இருக்கிற ஆள்தான்," என்று சொல்லிக் கடைசி வாங்கிலில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

படம் கீறுவதில் அவர் எங்களில் யாருக்கும் கிட்ட வரமாட்டார். மாம்பழம் கீறினால் தேங்காய் போலிருக்கும். ஆனால் எழுத்து வேறு கதை. மட்டத்தடி வைக்காமல் ஒரு வரி முழுவதையும் ஒரே உயரத்தில் எழுதுவார். "எனக்குப் படம் வராது, பிலோ. நான் எழுத்துக் கீறத்தான் வந்தனான்," என்பார். என் பெயர் பிலோமினா. அவரைத் தவிர வேறு யாரும் என்னைப் பிலோ என்று கூப்பிட்டதில்லை.

கடைசித் தவணையில் எங்கள் தலைமை ஆசிரியை, நாங்கள் மிசியம்மா என்று அழைத்த வெள்ளைக்கார அம்மா, புதிதாக ஒன்று சொன்னார். நாங்கள் ஒவ்வொருவரும் இந்த ஊரில் கண்ணுக்குப் படுகிற ஏதாவது ஒரு பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதை மூன்று மாதம் ஆராய வேண்டும். முடிவில் ஆளுக்கொரு சுவரில் அதை விளக்கி ஒட்ட வேண்டும். கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து பார்ப்பார். நாங்கள் தேறிவிட்டோம் என்று அவர் சொன்னால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலை.

ஒருத்தி சீத்தைத் துணியின் பூக்களை எடுத்தாள். ஒருத்தி நெருப்புப்பெட்டிப் படங்களை எடுத்தாள். இன்னொருத்தி தேர்ச்சீலைகளின் நிறங்களை. கடலோரத்துப் பிள்ளையான நான் எங்கள் துறையில் நிற்கிற வள்ளங்களின் முகப்பில் தீட்டியிருக்கும் அடையாளங்களை எடுத்துக்கொண்டேன். மிசியம்மா எல்லோருக்கும் தலையசைத்தார். கடைசியாகப் பறுவதம் அக்கா எழும்பினார்.

"மருந்துப் போத்தில்லை ஒட்டுற சீட்டு, அம்மா."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான். அதில் ஆராய என்ன இருக்கிறது என்று மிசியம்மா கேட்டார். "அது எனக்கும் தெரியாது, அம்மா. தெரிஞ்சால் ஏன் ஆராயப் போறன்?" என்றார் அக்கா. மிசியம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அக்கா எனக்குக் காரணத்தைச் சொன்னார். இளையவன் ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்த காலம். காய்ச்சல். அதே கிழமை கந்தையா அண்ணைக்கு முழங்காலில் பிடிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே மருந்துச்சாலையில் மருந்து. அந்நாளில் வெறும் போத்திலை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அக்கா கொண்டுபோனது ஒரே மாதிரியான இரண்டு போத்தில். இரண்டிலும் ஆங்கிலத்தில் கிறுக்கிய ஒரு துண்டுக் கடுதாசி.

"எழுத்துத் தெரியாத சனத்துக்குத்தான் உப்பிடி நடக்கும் எண்டு எல்லாரும் நினைக்கினம். நான் ஏழாம் வகுப்பு மட்டும் படிச்சனான், பிலோ. எனக்கு இங்கிலீசும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். எண்டாலும் பூசிற மருந்தைத்தான் பிள்ளைக்குப் பருக்கினனான். மூண்டு நாள் விடாமல் சத்தி எடுத்தவன். தப்பினது அவன்ரை விதி."

அந்தப் பிள்ளைதான் சைக்கிளில் வந்து எனக்குச் செய்தி சொன்ன சிவபாதம். இந்தக் கதையை எழுதலாம் என்று அவனே சொன்னான்.

அக்கா சனிக்கிழமைகளில் தன் ஊர்ப்பக்கத்து மருந்துச்சாலை ஒன்றுக்குப் போய் விறாந்தையில் இருப்பார். இரண்டு மூன்று முறை நானும் துணைக்குப் போனேன். மருந்து வாங்கி வெளியே வருகிறவர்களிடம், "இதிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்காச் சொல்லுவியளோ?" என்று கேட்பார். அவர்கள் சொல்வதைச் சின்னக் கொப்பியில் எழுதுவார். யாரையும் திருத்தமாட்டார்.

அங்கே மருந்து கலந்து கொடுக்கிற அப்போதிக்கரிக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை வெளியே வந்தார். "உமக்கு இஞ்சை என்ன வேலை? நான் பிழையாய் எழுதுறன் எண்டு ஊருக்குச் சொல்லவோ வந்திருக்கிறீர்?"

அக்கா எழும்பி, மடியிலிருந்த போத்தில் ஒன்றை நீட்டினார். "இல்லை ஐயா. இது போன கிழமை நீங்கள் எழுதினது. எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் கண்ணாடியை மேலே தள்ளினார், கீழே இறக்கினார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். கடைசியில் போத்திலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "இது பூசிறது," என்றார். விறாந்தையில் இருந்த சனம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அக்காவுக்கு ஒரு கதிரை போடச் சொன்னார்.

கொப்பி நிறைந்ததும் அக்கா புதிய சீட்டுக்களைக் கீறத் தொடங்கினார். குடிக்கிற மருந்துக்கு ஒரு வாய். பூசுகிற மருந்துக்கு ஒரு கை. வாயையும் கையையும் நான்தான் கீறிக் கொடுத்தேன். எனக்கு அது முடிந்த வேலையாகவே தோன்றியது. அடுத்த சனிக்கிழமை அதைப் பத்துப் பேருக்குக் காட்டினார். ஒருவர் வாயைப் பார்த்துப் பல்லுக்கொதி மருந்து என்றார். இன்னொருவர் கையைப் பார்த்து, "உள்ளங்கையிலை விட்டுக் குடிக்கிறது," என்றார். எனக்குக் கோபம் வந்து, "இல்லை, அது பூசிறதுக்கு..." என்று தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

வண்டியில் திரும்பும்போது வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கடை கையும் வாயும் தோத்துப் போச்சு, பிலோ." பிறகு சொன்னார்: "கீறினால் ஆருக்கெண்டாலும் காட்டு. அவை சொல்லுறதைக் கேள். நீ வாயைத் திறந்தியெண்டால் படம் செத்துப்போச்சு. வீட்டுக்கு வீடு போய் நீ விளங்கப்படுத்த ஏலுமோ?"

வழி கிடைத்தது மீன் விற்கிற ஒரு பெண்ணிடமிருந்து. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பூசுகிற போத்திலின் கழுத்தில் வலைநூலைச் சுற்றி, தக்கையின் மேலால் இழுத்துக் கட்டியிருந்தார். ஏன் என்று அக்கா கேட்டார்.

"அவிழ்க்கேக்கை நினைவு வரும்தானே," என்றார் அந்தப் பெண், இதென்ன கேள்வி என்ற மாதிரி.

அக்கா அன்று முழுவதும் ஆட்கள் போத்தில் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் என்னிடம் சொன்னார்: "ஒருத்தரும் போத்திலின்ரை வயித்தைப் பாக்கினமில்லை, பிலோ. தக்கையைத்தான் பாக்கினம். நாங்கள் இவ்வளவு நாளும் பிழையான இடத்திலை எழுதிக்கொண்டு இருக்கிறம்."

அவருடைய ஆராய்ச்சியின் முடிவு அவ்வளவுதான். ஒரு விரல் அகலச் சிவப்புக் கடுதாசி. தக்கையின் மேலால் போய் இரண்டு பக்கமும் கழுத்தில் ஒட்டும். அதில் கறுப்பில் தடித்த எழுத்து: பூச மட்டும். அதைக் கிழிக்காமல் போத்திலைத் திறக்க முடியாது. குடிக்கிற மருந்துக்கு ஒன்றுமே ஒட்டவில்லை.

இதற்கிடையில் என் வள்ளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தகப்பனார் அப்புவின் வள்ளத்து முகப்பில் கண் போல ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. கடலில் வழி பார்க்கும் கண் என்று நான் அழகாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அக்கா வாசித்துவிட்டு, "அப்புவைக் கேட்டனியோ?" என்றார். கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கேட்டேன். அப்பு சிரித்தார். "உது கண்ணில்லைப் பிள்ளை. உதிலை பலகை வெடிச்சது. ஒட்டுப் போட்டுத் தார் பூசினனான்."

நான் அந்தப் பக்கத்தை மாற்றவில்லை. கண் அழகாக இருந்தது. தார் அழகாக இல்லை.

பரிசோதகர் ஒரு திங்கட்கிழமை வந்தார். தமிழர்தான், ஆனால் ஆங்கிலத்தில்தான் கதைத்தார். என் சுவரின் முன் நெடுநேரம் நின்றார். கடல் பார்க்கும் கண்ணைப் பற்றி வாசித்துத் தலையை ஆட்டினார். பறுவதம் அக்காவின் சுவரில் அழகுக்கென்று ஒரு படமும் இல்லை. மக்கள் சொன்ன பதில்கள் நிரை நிரையாக. தோற்றுப்போன கையும் வாயும். கீழே ஒரு சின்ன மேசையில் ஒரே மாதிரியான இரண்டு போத்தில்.

"இதில் சித்திரம் எங்கே?" என்று கேட்டார்.

"ஐயாவுக்குத் தாகமாய் இருக்கும். இதிலை ஒண்டு சர்க்கரைத் தண்ணி. திறந்து குடியுங்கோ," என்றார் அக்கா தமிழில்.

அவர் அலட்சியமாகக் கிட்ட இருந்த போத்திலை எடுத்துச் சுவரைப் பார்த்தபடியே திறக்கப் போனார். விரல் சிவப்புக் கடுதாசியில் பட்டது. நின்றது. குனிந்து பார்த்தார். மெல்ல வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். அதை முழுவதும் குடித்தார். "கெட்டித்தனம்," என்றார், அப்போதுதான் முதல் முறையாகத் தமிழில். "ஆனால் சித்திரம் இல்லை."

பெறுபேறு வந்தபோது நான் முதலாவது. அக்கா கடைசி, தேறியவர்களில் கடைசி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ வழக்கம்போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். "உள்ளுக்கு விட்டிட்டினம்தானே, பிலோ. வாசலடியிலை நிண்டால் என்ன, நடுவிலை நிண்டால் என்ன?" என்றார். வண்டியில் ஏறிய பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "அப்பு போட்ட தார் ஒட்டைப் பற்றி நீ எழுதியிருந்தால், உன்ரை சுவரடியிலை நான் இன்னும் கொஞ்ச நேரம் நிண்டிருப்பன்."

அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு முறைதான். யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை. பல வருடங்களின் பின், ஆசிரியைமார் கூட்டம் ஒன்றில் நானாகவே எழும்பி அந்தக் கதையைச் சொன்னேன். அக்கா பின்வரிசையில் இருந்து எல்லோருக்கும் முதல் கை தட்டினார்.

பரிசோதகர் போய் ஒரு மாதம் இருக்கும். அப்போதிக்கரி அக்கா வீட்டுக்கு வந்தார். அந்தச் சிவப்புக் கடுதாசி தனக்கு வேண்டும், இருக்கிறதெல்லாம் வேண்டும் என்றார். அக்கா எழுத்தைப் பலகையில் கீறிக் கொடுக்க, தச்சர் ஒருவர் வெட்ட, பட்டினத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் அடித்தார்கள். கந்தையா அண்ணை இருந்து விரலளவில் நறுக்கினார். பிறகு தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். அந்த அப்போதிக்கரி மாறிப் போனதும் புதிதாக வந்தவர், இது வீண் வேலை என்று நிறுத்திவிட்டார். அக்கா ஒரு சனிக்கிழமை கொப்பியோடு போய் விறாந்தையில் பழைய இடத்தில் இருந்தார். மூன்றாவது சனிக்கிழமை சிவப்புக் கடுதாசி திரும்ப வந்தது.

பிறகு பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். நிறைவாக வாழ்ந்தார். தன்னைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைத்தால், "போத்திலுக்குக் கடுதாசி ஒட்டினதுக்கு இவ்வளவு கதையோ?" என்று எழும்பிப் போய்விடுவார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். செய்ததை ஒருவருக்குக் காட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்பது. இன்றும் எனக்கு அது இலேசில் வருவதில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், இதுவரை எழுதியதைக் கொண்டுபோய்க் கந்தையா அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"எல்லாம் சரி, பிள்ளை," என்றார் கடைசியில். "ஆனால் நீ அவளைப் பயமில்லாத ஆளாய் எழுதிப்போட்டாய். அந்தப் பரிசோதகர் வந்த அண்டைக்குக் காலமை அவளுக்குக் கை நடுங்கி நடுங்கித் தலைமயிர் வாரி இழுக்க ஏலேல்லை. நான்தான் வண்டியை மரத்துக்குக் கீழை நிப்பாட்டி, இழுத்துப் பின்னி விட்டனான். எனக்குப் பின்னத் தெரியாது. கோணலாய்த்தான் இருந்தது. அவள் அப்பிடியேதான் உள்ளுக்குப் போனவள். அதையும் எழுது."

எழுதிவிட்டேன், அண்ணை.