ரிவர்ப் கிடைக்கட்டும்

என் மனைவி என்னிடம் நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு மெட்டு கேட்டாள். குழந்தை பிறந்து, வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூர் ஃபிளாட்டில் பகல் முழுக்க அவள் தனியாக இருந்த நாட்கள் அவை. மளிகை லிஸ்ட் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு வரி எழுதியிருந்தாள். ‘கதவைத் தட்டாதே, உள்ளே நான் இல்லை’ என்று ஆரம்பிக்கும். “உன் கிட்டார்ல இதுக்கு ஒரு டியூன் போட்டுக் குடேன். பாட்டா கேக்கணும் போல இருக்கு” என்றாள். போடுகிறேன், ரிவர்ப் கிடைக்கட்டும் என்றேன்.

ரிவர்ப் என்றால் பெரிய விஷயமில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரை வெறுமனே ஆம்ப்பில், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில், சொருகி வாசித்தால் சத்தம் மொட்டையாக இருக்கும். காலியான கல்யாண மண்டபத்தில் கை தட்டினால் பின்னாலேயே ஒரு கார்வை வருமே, அதைக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. காலால் அமுக்குவதால் பெடல். நாலைந்து கம்பியைச் சேர்த்து மீட்டும் ஒரு கார்டு கொஞ்ச நேரம் நீண்டு நின்றால்தான் அடுத்த வரி வந்து உட்கார நேரம் கிடைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. ஆபீஸிலிருந்து வந்தபிறகு என் மண்டையில் ஒன்றும் ஓடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை, அது மீதி.

பழைய சாமான் விற்கும் ஆப்பில் ஒருவர் ரிவர்ப் பெடல் இருப்பதாகப் போட்டிருந்தார். வேப்பம்பட்டுக்காரர், ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவர். சனிக்கிழமை மத்தியானம் லோக்கல் ரயிலில் போய் இறங்கினேன். என் ராசி, அவர் வீட்டில் கரண்ட் இல்லை.

“இது ரிவர்ப்தானேண்ணே?” என்று கேட்டேன்.

“அட, எக்கோ சார். எக்கோன்னா இன்னா, ரிவர்ப்புன்னா இன்னா? சத்தம் போய்ட்டுத் திரும்பி வருதா, அத்தான் மேட்டரு. ஆடி மாசம் பூரா இத்த வெச்சிகினுதான் வாசிச்சேன். தகிரியமா எடுத்துகினு போ சார்.”

எக்கோ வேறு, ரிவர்ப் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து மைக் செட்காரர்கள் எல்லாவற்றையுமே எக்கோ என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர் எக்கோ என்றதை நானாகவே ரிவர்ப் என்று திருத்திக்கொண்டு வாங்கிவந்தேன். வீட்டில் சொருகினால் அது அசல் எக்கோ. அம்மன் கோயில் ஸ்பீக்கரில் ‘தாயே, தாயே, தாயே’ என்று கூப்பிடுவார்களே, அதே மாதிரி ஒரு தட்டுக்கு மூன்று தட்டு திரும்பி வந்தது. கதவைத் தட்டாதே என்று நான் பாட, கிட்டார் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். அதில் ஹால், ரூம், சர்ச், பிளேட் என்று ஏகப்பட்ட வகை. ஆபீஸில் நாள் முழுக்க ஸ்க்ரீன், சாயங்காலம் இந்தப் பெட்டியின் தம்மாத்துண்டு ஸ்க்ரீன். முதல் இரண்டு வரியை வாசிப்பேன், குமிழைத் திருகுவேன், மறுபடி அதே இரண்டு வரி. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“ஹாலா? எந்த ஹாலு? நம்ம ஹாலா?”

நம்ம ஹாலில் ஒரு சோபா, துணி காயப்போடும் ஸ்டாண்டு, தொட்டில். இதற்கு மேல் சத்தம் நடமாட இடமில்லை. “இல்ல, மண்டபம் மாதிரி பெரிய ஹால்” என்றேன்.

“அப்ப மண்டபம்னு போட வேண்டியதுதானே. பிளேட்டுன்னா?”

“இரும்புத் தகடு.”

“நான் சாப்பாட்டுத் தட்டுன்னு நெனச்சேன்.”

சிரித்தோம். இரண்டு மாதம் கழித்தும் நான் அதே ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ இன்னும் எத்தனை கூடம்தான் மாத்துவ?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்று கத்திவிட்டேன். அதன்பிறகு அவள் பெடலைப் பற்றிக் கேட்கவில்லை. பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை. தொந்தரவு விட்டது என்றுதான் நினைத்தேன், வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

குழந்தை பிளே ஸ்கூல் போக ஆரம்பித்தது. அவளுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போதுதான் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆசிரியை ஊரை விட்டுப் போவதால் தன் பெடலை விற்றார். நானே ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு, பூந்தமல்லி சாலை நெரிசலில் வெந்து, போய் வாசித்துப் பார்த்து வாங்கினேன். ஒரே ஒரு குமிழ். திருகினால் கார்வை கூடும், குறையும், அவ்வளவுதான். இதற்கா இத்தனை அலைச்சல் என்று அலுப்பாக இருந்தது, சந்தோஷம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். மெட்டு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்டு வரியையும் பாடினேன். மடிப்பதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள்.

“நல்லா இருக்குப்பா. நெஜமாவே” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா வேற யாரோ எழுதினதக் கேக்குற மாதிரி இருக்கு. நான் இப்ப அப்படி இல்லல்ல” என்றாள்.

“அப்பவே போட்டிருக்கணும்.”

“டியூனே வேணாம். நீ சும்மா படிச்சிருந்தாக்கூட போதும். நான் எப்படி இருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

அப்பவே படிச்சேனே என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாளும் முதல் இரண்டு வரியை வைத்துத்தான் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரியை அன்று காலைதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.