தீவுக்கு யார் வாரிசு

நான் எழுதிய நாவலில் ஒரு தீவு ராச்சியம் உண்டு. பறக்கும் பாம்பும் பேசும் மலையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் பின்னேரங்களில் அதிகாரம் அதிகாரமாக வாசித்துக் காட்டுவேன். பறக்கும் பாம்பை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த ராசாவுக்கு எத்தனை ஏக்கர் வயல், தண்ணீர் எந்தக் குளத்தில் இருந்து வருகிறது என்றுதான் கேட்டார்.

ராசா படுக்கையில் விழுந்த அதிகாரம் வந்தது. தீவை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தேன். அப்பா கையைக் காட்டி மறித்தார்.

"துண்டு போடேலாது பிள்ளை. எங்கட காணி மாதிரித்தான். ஒரு ஆளின்ர பேர்தான் போடலாம்."

முரசுமோட்டையில் எங்கள் வயல் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. தனக்குப் பிறகு யார் என்று அப்பா ஒரு பெயரைக் காணி அலுவலர் இருக்கிற கந்தோரில் பதிய வேண்டும். அண்ணாவின் பெயர் என்று முடிவு செய்திருந்தார். அண்ணா கனடாவில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார். வயலைச் செய்வது தங்கச்சி. எங்கள் முறைக்குத் தண்ணீர் வரும் நாளில், யாரும் வாய்க்காலைத் திருப்பிவிடாமல் மண்வெட்டியோடு வரம்பிலேயே இருப்பாள். காணி அண்ணாவுக்குப் போனால், அவர் ஒரு சொல் சொன்னதும் அவள் வயலை விட்டு வெளியேற வேண்டியதுதான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவர்தானே, சரி என்று திருத்தி எழுதினேன். மூத்த இளவரசன் கடல் தாண்டிப் போய்விட்டான். இளையவள் மாரிக்கு மாரி அணையில் மண் போட்டுத் தீவைக் காத்தாள். முடி அவளுக்கு. வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வாசித்தேன்.

அப்பாவுக்கு முகம் கறுத்தது. மூத்தவன் இருக்க இளையவளுக்கு எப்படி என்றார். அணையில் நின்றவருக்குத்தான் முடி, அந்தத் தீவில் சட்டம் அப்படி என்றேன். யார் போட்ட சட்டம் என்று கேட்டார். நான்தான் போட்டேன் என்றேன். நாலைந்து நாள் கதை கேட்க வரவில்லை.

பிறகு ஒரு காலை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, வீம்பு எனக்கும் உண்டு.

அங்கே அப்பா தங்கச்சியின் பெயரைச் சொன்னார். மூத்த ஆம்பிளைப் பிள்ளை இருக்கிறார்தானே ஐயா என்று காணி அலுவலர் இழுத்தார்.

"ஓம், இருக்கிறான். ஆனா அணையில நிண்டது இளையவள்."

எந்த அணை என்று அவர் விழித்தார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவா எழுதின தீவில. அங்க சட்டம் அப்பிடி."

பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாவல் இன்னும் அச்சில் வரவில்லை. வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, என் சட்டம் முரசுமோட்டையில் செல்லும்.