ஆம்புலன்ஸ் வரைபடத்தில் இன்னும் இருக்கும் பாலம்

மருத்துவமனையிலிருந்து அப்பா அழைத்தபோது பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "பரிமளா அக்கா போய்ட்டாங்கம்மா" என்றார்.

கோயில் இளைஞர் பிரிவு அக்காவுக்கு நினைவு மலர் போடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். "நல்லவங்கன்னு எழுது. ஆபீஸ் விஷயம் வேணாம்லா" என்றார் அப்பா. அக்கா வேலை செய்த அரசு அலுவலகத்தில்தான் அவரும் ஒப்பந்த ஓட்டுநர். ஆண்டு இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது. அதனால் அவர் தூங்கிய பிறகு எழுதுகிறேன். இருமல் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

நம் லாபிஸ் ஊரில் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். வரைபடப் பிரிவில் இருந்தார். யார் எதைச் சொன்னாலும், "நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியுமா?" என்பார். திருவிழாவன்று குழாய்த் தண்ணீர் வராது என்று கோயில் தலைவர் கூட்டத்தில் சொன்னபோது, "சமையல்காரருக்குத் தெரியுமா தலைவரே?" என்று கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை. திருவிழாவன்று அண்டாக்களில் தண்ணீர் நிரம்பியிருந்தது அவரால்தான். அப்பா அவருக்குத் 'தெரியுமாக்கா' என்றே பெயர் வைத்தார். "பேரு நல்லாதான் இருக்கு. சம்பளத்தையும் கூட்டித் தரச் சொல்லுங்கண்ணே" என்று சிரித்தார் அக்கா.

போன வெள்ளத்தில் எங்கள் குடியிருப்புக்கு வரும் பழைய தோட்டப் பாலம் இடிந்தது. அக்கா மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, அலுவலக வரைபடத்தில் அந்தச் சாலை மூடப்பட்டதாகக் குறித்தார். ஆனால் அந்த வரைபடத்துக்கு 'தெர்ஹாட்', அதாவது 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற முத்திரை உண்டு. அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் வேறு துறைக்குக் கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் பிரிவு வேறு துறை, அவர்களிடம் இருப்பது வேறு வரைபடம். அப்பா ஓட்டிய அலுவலகக் காரில் அக்கா அங்கே போனார். கடிதம் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது என்றார்கள். கடிதம் கேட்டபோது அவருடைய அதிகாரி, "அவங்க கேக்கட்டும், கொடுக்கலாம்" என்றாராம்.

"பாலம் போனதே அவங்களுக்குத் தெரியாது. எப்படிண்ணே கேப்பாங்க?" என்று அப்பாவிடம் புலம்பியிருக்கிறார் அக்கா. அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது நானும் சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. அப்பா வெளியூரில் இருந்தார்; பிறகு நேராக மருத்துவமனைக்குத்தான் வந்தார். அம்மா ஆம்புலன்ஸை அழைத்து, பாலம் இல்லை, சுற்றி வரவேண்டும் என்று மலாயில் கத்திச் சொன்னார். எங்கள் வரைபடத்தில் சாலை இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. "வந்துட்டாங்க பரிமளா" என்றார் அம்மா. அக்கா இல்லையென்று தலையை அசைத்தார். சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நின்றது. பிறகு தூரமாகிப் போனது. சுற்றுவழியில் வந்து சேர்ந்தபோது அக்காவின் உதடுகள் நீலமாகியிருந்தன.

கருமக்கிரியைக்கு அந்த அதிகாரி வந்திருந்தார். "இத பத்தி முன்னாடியே யாரும் எங்ககிட்ட சொல்லல" என்றார். அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கு இந்த மழைக்காலத்தில் பிரசவம். அவருக்கும் அதே எண்ணைத்தான் அழைப்பார்கள். பாலம் இல்லை என்று லாபிஸில் நமக்கெல்லாம் தெரியும். ஆம்புலன்ஸ்காரர்களின் வரைபடத்துக்கு இன்னும் தெரியாது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கேள்வி ஒன்றுதான். அதனால் இதை என் பெயரோடு மலர்க்குழுவிடம் கொடுக்கப்போகிறேன். கொடுப்பதற்கு முன்னால் அப்பாவை எழுப்பி வாசித்துக்காட்ட வேண்டும். நான் எழுதியது அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?