மூடக்கூடாத கிரில்

ஏசி மெக்கானிக்காக நான் வேலை பார்த்த காலத்தில், கெட்டுப்போகும் மிஷினைப் பெருமையாகக் காட்டிய கஸ்டமர் ஒரே ஒருவர்தான். காசிமேட்டு விசைப்படகு ஓனர் ஏழுமலை. என்னை மாடிக்குக் கூட்டிப்போய் மிஷின் மூடியைத் திறந்தார். உள்ளே காயில் என்ற குளிர்க்குழாய்ச் சுருள் முழுக்க ஐஸ் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அதைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"பாத்தியா மாமு, இன்னாமா ஐஸ் புச்சிகீது! ஐஸ் பேக்டரி தோத்துடும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏசி காயிலில் ஐஸ் பிடித்தால் மிஷின் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. சீக்கிரம் படுக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்ரஸர் போய், வாரன்டியில் மாற்றிக் கொடுத்திருந்தோம். இந்த ஐஸ், புது கம்ப்ரஸர் போட்ட பிறகும் பிடித்தது.

1. நானே வாங்கிக்கட்டிக்கொண்டது

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் கம்பெனிக்கு விண்டோ ஏசி மாட்டுவதும் கழுவுவதும்தான் பிழைப்பு. ஜோன் சிஸ்டம் என்பது புதுசு. வீட்டுக்கே ஒரு பெரிய மிஷின். அதிலிருந்து ஒவ்வொரு ரூமுக்கும் டக்ட் என்ற தகரக் காற்றுக்குழாய் போகும். டக்டுக்குள் டேம்பர் என்று ஒரு தகட்டுக் கதவு இருக்கும். ஆள் இல்லாத ரூமின் டேம்பரை மூடிவிட்டால் அந்தப் பக்கம் குளிர்காற்று வீணாகாது, கரண்ட் மிச்சம்.

ஏழுமலை அண்ணன் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ரூமுக்கு ஒரு விண்டோ ஏசி கேட்டு வந்தவரிடம் நான்தான் வாயைக் கொடுத்து இதைச் சொன்னேன். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மீன்புடி போட்டு அடியில ஐஸ் ரூமை நாங்க பலகை வெச்சி நாலா தடுத்துகீறோம். மீனு இல்லாத பக்கம் எவனாச்சும் ஐஸ் ஒடச்சிக் கொட்டுவானா? அத்தத்தான சொல்ற?"

"அதேதாண்ணே" என்றேன். என் வாழ்நாளில் எந்தக் கஸ்டமரும் இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டதில்லை என்று சந்தோஷம் வேறு. ஹால் ஒன்று, பெட்ரூம் மூன்று, ஆக நாலு ஜோன் என்று டிராயிங் போட்டேன். மேனேஜர் தயங்கினார். நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

2. கட்டம் போட்ட லுங்கி

ஐஸ் ரூமை எவ்வளவு இறுக்கி மூடுகிறோமோ அவ்வளவு நாள் ஐஸ் நிற்கும். அதே கணக்கை அண்ணன் வீட்டிலும் போட்டார். வெயில் காலத்தில் அவர், அவர் மனைவி கஸ்தூரி அக்கா, இரண்டு மகன்கள் எல்லாரும் ஹாலில்தான் பாய் விரித்துப் படுப்பார்கள். அதனால் மூன்று பெட்ரூம் டேம்பர்களும் இருபத்துநாலு மணி நேரமும் மூடியே கிடக்கும். அது போதாதென்று, ஹாலில் குளிர்காற்று வெளிவரும் இரண்டு கிரில்களில் ஒன்றை நீலக் கட்டம் போட்ட லுங்கியால் அடைத்து வைத்திருந்தார்.

"ஒரு பக்கமா வந்தாத்தான் காத்து ஜில்லுனு கீது" என்றார்.

முழு வீட்டுக்கும் காற்று தள்ளும் மிஷின் அது. போக வழியெல்லாம் அடைத்துவிட்டால் காயில் மேல் காற்று ஓடாது. காயில் மேலும் மேலும் குளிர்ந்து ஐஸ் கட்டும். கடைசியில் வாயுவாகத் திரும்ப வேண்டிய கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைத்துவிடும். இதை அவரிடம் நின்று சொன்னேன், உட்கார்ந்து சொன்னேன், படம் போட்டும் சொன்னேன்.

"ஐஸ் வந்தா நல்லதுதானப்பா? போட்டுக்கு நான் துட்டு குடுத்து வாங்கினுகீறேன். இது சொம்மா குடுக்குது. அத்தப் போயி கொற சொல்லிகினு கீற."

ஒவ்வொரு சர்வீஸுக்கும் போய் லுங்கியை உருவிப் போட்டுவிட்டு வருவேன். அடுத்த முறை போனால் அதே லுங்கி, துவைத்து, மடித்து, அதே கிரிலில் இருக்கும். நான் அழுவதா சிரிப்பதா?

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "உன் பேச்சை நம்பித்தான்யா இதைப் போட்டேன். இன்னொரு கம்ப்ரஸர் போச்சுன்னா நீ டக்ட் பக்கமே வரக் கூடாது. ரிடையர் ஆகுற வரைக்கும் விண்டோ ஏசி பில்டர் கழுவிட்டுக் கெட." விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர். எனக்குத் தூக்கம் வரவில்லை.

3. சண்டை

வழி ஒன்றுதான். எல்லா ஜோனையும் மூடினாலும் திறந்தே இருக்கும்படி, டேம்பரே இல்லாத ஒரு டக்ட் போட வேண்டும். தள்ளும் காற்று போக ஒரு வழி. முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. அண்ணனிடம் சொன்னதும் குதித்தார்.

"இன்னா பேஜாரு இது? கரண்ட் மிச்சம்னு சொல்லி வித்துட்டு, இப்ப மூடவே முடியாத ஓட்ட போடறேன்றியே?"

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. கஸ்டமர் என்றும் பார்க்காமல் கத்தினேன். "ஒன் போட்டு ஐஸ் ரூம் அடியில தண்ணி வடியற ஓட்ட கீதே, ஐஸ் மிச்சம் புடிக்க அத்தயும் அடச்சிடுவியா?"

அவர் சற்று யோசித்தார். "அத்த எப்டி அடைக்கிறது? தண்ணி நின்னு மீனெல்லாம் நாறிப்பூடும்."

"ஒன் மிஷினும் அப்டித்தாண்ணே நாறிகினு கீது!"

அண்ணன் போய் லுங்கியை அவர் கையாலேயே உருவினார். "சரி, போட்டுத் தொல. மாடிப்படிகிட்ட போடு" என்றார். நானும் மாடிப்படியைத்தான் நினைத்திருந்தேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம்.

அப்போது சமையலறை வாசலில் கஸ்தூரி அக்கா வந்து நின்றார். வீட்டுக்கும் போட்டு ஆட்களுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மேல் எல்லாம் வேர்வை.

"அந்த மூடாத ஓட்டைய என் தலைக்கு மேல போடு தம்பி."

"சமையக்கட்டுக்கு எவளாச்சும் ஏசி கேப்பாளா?" என்று அண்ணன் சிரித்தார்.

"யோவ், செத்த மீனுக்குக் கேக்காமலே ஐஸ் வெக்கிற. நான் உசுரோட வெந்துகினு கீறேன். எனக்கு இன்னா வெச்ச?"

எனக்குச் சுருக்கென்றது. நான் போன போதெல்லாம் அந்த அடுப்படியிலிருந்துதான் எனக்கு டீ வந்தது. என் டிராயிங்கில் அந்த இடம் வெறும் கட்டம்.

4. பிறகு

சமையலறைக்கே அந்த டக்டைக் கொண்டுபோனேன். மீன் வாசனை திரும்பி மிஷினுக்குள் போய் வீடெல்லாம் பரவாமலிருக்க, அங்கிருந்து காற்றை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் பேன் வைத்தேன். குளிர்காற்றில் கொஞ்சம் அதனோடு போகத்தான் செய்தது. ஆனால் காயிலில் ஐஸ் பிடிப்பது நின்றது. ஹாலும் சீக்கிரம் குளிர்ந்து, மிஷின் அவ்வப்போது ஓய்வெடுக்க ஆரம்பித்தது. கரண்ட் பில் இறங்கியது என்று அண்ணனே ஒப்புக்கொண்டார். அந்த வெயில் காலம் முழுக்க கம்ப்ரஸர் தாங்கியது. மேனேஜர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அடுத்த டக்ட் வேலையை என்னிடம் கொடுத்தார். அது போதும்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். எத்தனை ரூம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த ரூமில் யார், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டிலேயே அதிக நேரம் நிற்பவரிடம் கேளுங்கள். மூடச் சொல்லிக் கொடுக்கும்போதே எதை மூடக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக அங்கே சர்வீஸுக்குப் போனபோது அந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி கிழிந்து, அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது. கிரிலுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு, ஏழுமலை அண்ணன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்ளெய்ன்ட் ஏதாச்சும் உண்டாக்கா?" என்று கேட்டேன்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் கஸ்தூரி அக்கா. "கீழ குந்திகினு கீதே, இத்தக் கழட்டி எடுத்துகினு போ."