அம்மாவோடு சண்டை போட வாங்க

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய் நிம்மதியாக வைத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஹட்டன் புடவைக் கடையில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு, திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுவந்தேன். ரேடியோவை நிறுத்தினேன். யாரையும் சத்தமாகத் தும்மக்கூட விடவில்லை. நிம்மதி விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பு.

பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் சின்னம்மாவிடம் மட்டும் தனியாகப் போய்க் கும்பிட்டேன். சொந்தச் சின்னம்மா இல்லை. முப்பது வருஷம் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள், முப்பது வருஷமும் அம்மாவோடு சண்டை போட்டவள். இரண்டு காம்பிராவுக்கும் நடுவில் உள்ள சுவர் தகரக் கூரையைத் தொடாது. அதனால் இருவரும் அடுப்படியை விட்டு எழாமலே ஏசிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முதலில் வைத்தது, சின்னம்மாவின் சிவப்புக் கோழி எங்கள் கீரைப்பாத்தியைக் கிளறியது, இப்படி ஏதாவது ஒன்று. "இனிமே வேணாம் சின்னம்மா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. அம்மா நாளுக்கு நாள் வாடினாள். எட்டாம் நாள் சின்னம்மா அந்தச் சிவப்புக் கோழியையே அறுத்துச் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா கிண்ணத்தையே பார்த்தாள்.

"அவ கோழிய எனக்கு அறுத்துட்டாளா? ஆஸ்பத்திரியில சொன்னத நான் நம்பல. இத நம்புறேன். எனக்கு முடிஞ்சிருச்சி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அம்மா போகத்தான் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பயந்து, சுவரைப் பார்த்தபடி போவதை என்னால் தாங்க முடியவில்லை. சின்னம்மாவிடம் ஓடினேன்.

"வந்து அம்மாவ ஏசுங்க சின்னம்மா."

"என்னா புள்ள, பைத்தியமா? சாகக் கெடக்கிறவள ஏசுறது பாவமில்லியா?"

"பாவம் எனக்கு வரட்டும்."

வந்தாள். வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டு, "நீ அப்பிடி ஒண்ணும் நல்லவ இல்ல" என்றாள். அவ்வளவு மட்டமான சண்டையை நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்து "பீலி, பீலி" என்று எடுத்துக்கொடுத்தேன்.

அம்மா மெல்லத் திரும்பினாள். "சூப்புல உப்பே இல்ல."

சின்னம்மாவின் முகம் மாறியது. "வாயிலயே வைக்காதவளுக்கு உப்பு எப்பிடித் தெரியும்? முட்ட போடுற கோழிடி அது."

"எங்க பாத்தியில தின்ன தீனிக்கி அது குட்டியே போட்டிருக்கணும்."

தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னாள் அம்மா. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். பதில் சொல்லத் தெம்பு வேண்டும் என்று அதே சூப்பை நாலு கரண்டி குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சின்னம்மா விட்ட இடத்தில் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு பதினைந்து நாள், சாயங்காலத் தேத்தண்ணி நேரத்தில் சண்டை. அம்மாவின் குரல் சுவரைத் தாண்டாமல் போனபோது, சின்னம்மா எங்கள் பக்கம் வந்து கட்டிலருகே குந்தி, அம்மாவின் வாயருகே காதை வைத்து ஏச்சு வாங்கிக்கொண்டாள். வாங்கியதற்குக் குறையாமல் திருப்பியும் கொடுத்தாள்.

கடைசியாக ஒரு சாயங்காலம் அம்மா, சின்னம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். சின்னம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் அம்மா அடங்கிப்போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மா அன்று என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"சரியான ஏச்சு. ஒங்கிட்ட சொல்ல ஏலாது" என்று மூக்கைச் சிந்தினாள் சின்னம்மா. "எங்கிட்டயும் பதிலு இருந்திச்சி புள்ள, நல்ல பதிலு. அவ மொகத்தப் பாத்தேன். செயிச்சிட்டோம்னு அம்புட்டு சந்தோசம். செயிச்சிட்டே போகட்டும்னு வாய மூடிக்கிட்டேன்."