தெங்கேரா வரை நடந்த புதன்கிழமைகள்

கடல் வற்றும் நேரத்தில் கடலோரத் தெங்கேராப் பக்கமிருந்து வரும் சேற்று வாசனை இன்றும் என்னை நடு வேலையில் நிறுத்திவிடும். அந்த வாசனைக்குள் நடந்து நடந்துதான் நான் ஜெபிக்கக் கற்றேன்.

பெரிய யுத்தம் முடியும் சமயத்தில் பரவிய சுரம் காஜா பேராங் தெருவில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. முதலில் என் மகள் எஸ்தர் படுத்தாள். பதினைந்து வயது. எழுந்துவிட்டாள். அடுத்துப் படுத்த என் இளைய மகன் எழவில்லை.

அடக்கத்துக்குப் பின் எஸ்தர் பேச்சை விட்டாள். சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்துவிடுவாள். ஒருநாள் அவள் நோட்டில் ஒரு வரி கண்டேன்: "தம்பி இருக்கிற இடத்துக்கு நானும் போகணும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா, சகோதரிகளே? வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டபோது அந்த வரியை எல்லார் முன்னும் வாசித்தேன். அவளும் அதே பாயில்தான் இருந்தாள். எல்லாரும் அவளுக்காக உரக்க ஜெபித்தார்கள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

"ஆண்டவரே, பேசிக் கெடுத்தேன். கேட்கிற காது ஒன்றை அவளுக்கு அனுப்பும்" என்று அழுதேன்.

வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கும் ரூத்தம்மாள் அந்த வாரமே வந்தாள்.

"அக்கா, புதன்கிழமை ரெண்டு மணி நேரம் வீட்ட எனக்கும் எஸ்தருக்கும் விடுங்க. நீங்க வெளிய போயிடணும்."

"அவ என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லுவதானே?"

"மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்."

புதன்கிழமைதோறும் தெங்கேரா வரை நடந்தேன், திரும்பினேன். "பசாருக்கும் போவாம, கூடையும் இல்லாம நடக்கிற பொம்பள நீ ஒருத்திதான்" என்றார் என் வீட்டுக்காரர். வீடு திரும்பினால் இருவரும் ஆய்ந்துவைத்த கீரை மட்டும் இருக்கும். என்ன பேசினார்கள்? நாக்கு துடிக்கும். கேட்பதில்லை என்று பல்லைக் கடித்து நின்றேன். அதுவே என் உபவாசம்.

ஏழாவது புதன்கிழமை எஸ்தர் தானாக அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, என் சுரந்தான் தம்பிக்குத் தொத்துச்சுன்னு அன்னிக்கு நீங்க சொன்னீங்க."

பிள்ளையின் உடலருகே நான் சொன்ன சொல். சொன்ன நான் மறந்துவிட்டேன். அவளோ அதைச் சுமந்து திரிந்திருக்கிறாள். பழைய நான் என்றால் "எப்போ சொன்னேன்?" என்று சண்டைக்கு நின்றிருப்பேன். விறகை வெளியே இழுத்தேன். தரையில் உட்கார்ந்தேன்.

"சொன்னேன்மா. அது தப்பு. உன் மேல ஒண்ணுமில்ல."

வெகுநேரம் அழுதாள். பிறகு சோறு கேட்டாள்.

இன்றும் சில நாள் அவள் வாய் திறப்பதில்லை. நான் தோண்டுவதில்லை, பக்கத்தில் இருக்கிறேன். வளரும் பிள்ளை வீட்டில் வாடி நின்றால், அம்மாமாரே, ஜெபியுங்கள். கூடவே, நம்பி மனம் திறக்க ஒரு மனுஷியையும் தேடிக் கொடுங்கள். அப்படித்தான் எனக்குப் பதில் வந்தது.

ரூத்தம்மாளைச் சிங்கப்பூர் ஊழியத்துக்கு அழைத்தார்கள். வழியனுப்ப ஆற்றுமுகத்துக்குப் போனேன். கப்பலுக்குக் கொண்டுபோகும் சம்பான் படகில் அவள் ஏறியதும், அடக்கிவைத்தது வெளியே வந்துவிட்டது.

"தங்கச்சி, எஸ்தருக்கு என் மேல ரொம்பக் கோபமா?"

"அத அவகிட்ட கேளுங்க. இனிமே புதன்கிழம தெங்கேராவுக்குப் போவாதீங்க, அக்கா."